பூந்தியும் நாலு டிக்கெட்டும்

நாய் வளர்க்கிற வீட்டுல போய் "லீவுக்கு எங்க போறீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க. அப்புறம் ரெண்டு பேரும் கீழே படுத்திருக்கிறதைப் பாப்பாங்க. அது வாலை ஒரு தடவை தரையில தட்டும். அவ்வளவுதான், டூர் முடிஞ்சது :-)

எங்க வீட்டுல இந்தக் கதை ஒன்பது வருஷம் ஓடுச்சு.

பூந்தி வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்துல. வேளச்சேரியில எங்க அபார்ட்மெண்ட் தரைத்தளம் முழுகி, கரண்ட் போயி, எல்லாரும் மாடியில உக்காந்திருந்த ராத்திரி, படிக்கட்டுல தொப்பலா நனைஞ்சு ஒரு குட்டி நின்னுச்சு. லட்டுப் பூந்தி கலர். சுத்தமான நாட்டு நாய். வெள்ளம் வடிஞ்சதும் யார்கிட்டயாவது குடுத்துடலாம்னுதான் பேச்சு. யார்கிட்டன்னு இன்னும் முடிவாகலை.

அந்த ராத்திரியோட மிச்சம் அவகிட்ட இருக்கு. மழைச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுவா. மூடின இடத்துல தனியா விட்டா நடுங்குவா. 2017-ல ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாள் போர்டிங்ல விட்டோம். நல்ல இடம்தான், அவங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு நாளும் ஒரு வாய் சாப்பிடலை, கூண்டுக் கம்பியைக் கடிச்சுக் கடிச்சு ஈறெல்லாம் ரத்தம். அதுக்கப்புறம் ஊர் விசேஷம் எதுவா இருந்தாலும் நானும் தங்கமணியும் முறை வெச்சுத்தான். இந்தக் கல்யாணம் உனக்கு, அந்தக் காதுகுத்து எனக்கு. சொந்தக்காரங்க நாங்க சண்டை போட்டுப் பிரிஞ்சிட்டோம்னு கூட பேசிக்கிட்டாங்களாம்!

மாத்தினது பொண்ணு. 2025 மார்ச்ல அவளுக்கு பிளஸ் டூ பரீட்சை. ஜனவரியிலயே ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து, ரொம்ப சாதாரணமா சொன்னா. "ஜூன்ல நான் ஹாஸ்டல் போயிடுவேன். நாம மூணு பேரும் பூந்தியும் வேற ஊர்ல எடுத்த ஒரு போட்டோ கூட இல்லப்பா."

அவ அதோட விட்டுட்டு ரசம் கேட்டா. எங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்குத் தூக்கம் வரலை.

கொடைக்கானல்னு முடிவாச்சு. ஏப்ரல் மாசம், பூந்திக்கும் வெயில் ஆகாது. எப்படிப் போறதுங்கறதுதான் கேள்வி. பூந்தி 18 கிலோ. விமானத்துல கூட உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போற சைஸ் இல்ல, சரக்குப் பகுதிதான். மூடின இருட்டுப் பெட்டி, பயங்கரச் சத்தம்... அந்த யோசனையை அப்பவே விட்டாச்சு. கார்ல போகலாம். சென்னையில இருந்து மதுரை 460 கிலோமீட்டர் சொச்சம், அப்புறம் மலை. ஆனா அந்தச் சமயம் எனக்கு முதுகு வலி, ஒரே நாள்ல அவ்வளவு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. சரி, ரயில்.

ரயில்ல நாய் கூட்டிட்டுப் போறதைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி எதுலயும் கூடாது. டிடிஇ பாத்தா லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு போடலாம். வழி ரெண்டுதான். ஒண்ணு, கடைசிப் பெட்டியில இருக்கிற டாக் பாக்ஸ். பேருதான் பாக்ஸ், ஒரு சின்ன இரும்பு அலமாரின்னு வெச்சுக்கோங்க. பக்கத்துல கார்டு இருப்பார் (2022-ல இருந்து அவருக்கு ட்ரெயின் மேனேஜர்னு பேர்). நல்ல தைரியமான நாய்க்கு, பகல்ல, ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு ஓகேவா இருக்கலாம். என்னைக் கேட்டா அதுவும் வேணாம்னுதான் சொல்வேன்.

ரெண்டாவது வழி ஃபர்ஸ்ட் ஏசி. அதுலயும் ஒரு முடிச்சு இருக்கு. ரெண்டு பெர்த் இருக்கிற கூபேயோ, நாலு பெர்த் இருக்கிற கேபினோ, முழுசா உங்க ஆளுங்களே இருக்கணும். நாய் பேருக்கு பெர்த் போட முடியாது. நாங்க மூணு பேர். நாலாவது பெர்த்துல முன்பின் தெரியாத யாராவது வந்தா திட்டம் காலி.

நாலாவது ஆள் வேணும். யாரு?

அத்தை!

தங்கமணியோட அம்மா பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வந்தவங்க, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி மதுரைக்குப் போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. பூந்திக்கும் அவங்களுக்கும் சண்டையும் இல்ல, சமாதானமும் இல்ல. பூஜை அறைப் பக்கம் பூந்தி வரக் கூடாது, பூந்தி தட்டு பக்கம் அத்தை போக மாட்டாங்க. இந்தியா-பாகிஸ்தான் எல்லை மாதிரி ஹால் நடுவுல ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏன் மாப்ள, நாய்க்கு எடம் புடிக்கத்தான் என்னயக் கூட்டிட்டுப் போறீகளா?"ன்னாங்க. உண்மையை வெச்சுக்கிட்டு எப்படி இல்லைன்னு சொல்றது? தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் முறைச்சுட்டு, "கீழ் பெர்த்து எனக்கு"ன்னு சொல்லி ஒத்துக்கிட்டாங்க.

2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 120 நாள் இல்ல, 60 நாள்தான். 60-வது நாள் காலையில பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல நாலு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்ல ஃபர்ஸ்ட் ஏசி எடுத்தாச்சு. ஆனா ஃபர்ஸ்ட் ஏசியில எந்த கேபின், எந்த பெர்த்துங்கறது டிக்கெட் எடுக்கிறப்போ தெரியாது, சார்ட் போடும்போதுதான். நாலு பேரை ரெண்டு கேபின்ல பிரிச்சுப் போட்டாலும் போட்டுடுவாங்க. அதனால ரயில்வேயோட வணிகப் பிரிவு அலுவலகத்துல ஒரு மனு: "எங்களோடு ஒரு நாய் பயணிப்பதால் நால்வருக்கும் ஒரே கேபின் ஒதுக்குமாறு..." டிக்கெட் நகல், ஆதார் நகல், தடுப்பூசி அட்டை நகல் எல்லாம் சேத்து. வாங்கிட்டு முத்திரை வெச்சுக் குடுத்தவர், "முயற்சி பண்றோம் சார், உறுதி சொல்ல முடியாது"ன்னார். நேர்மையான பதில். ஆனா வயித்துல புளியைக் கரைச்சது.

அடுத்து டாக்டர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம், 1903-ல ஆரம்பிச்ச இடம். காலையில ஓபி கூட்டத்துல மாடு, ஆடு, பூனை, கிளி எல்லாத்தோடயும் பூந்தி வரிசையில உக்காந்திருந்தா. ரேபிஸ் ஊசி தேதி பாத்தாங்க, எலிக்காய்ச்சலுக்கும் சேத்துப் போட்டிருக்கான்னு பாத்தாங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியில பரவுற நோய் அது, வெளியூர்ல கண்ட குட்டையில வாய் வைக்கிற நாய்க்கு அந்தத் தடுப்பூசி முக்கியம். உண்ணிக்கு மூணு மாசம் தாங்குற மெல்லுற மாத்திரை ஒண்ணு. இதையும் சாதாரணமா நினைக்காதீங்க. உண்ணி கடிச்சா ரத்தத்துல தட்டணுக்களைக் குறைக்கிற காய்ச்சல் வரும், எத்தனையோ நாய்ங்க அதுல போயிருக்கு.

"பயத்துக்குத் தூக்க மாத்திரை குடுத்துடலாமா டாக்டர்?"னு கேட்டேன். அந்தம்மா வேணாம்னுட்டாங்க. மருந்து எதுவா இருந்தாலும் முதல்ல வீட்ல குடுத்துப் பாத்துட்டுத்தான் பயணத்துல குடுக்கணும், ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும்னாங்க. அவங்க சொன்ன வைத்தியம் வேற. ரெண்டு மாசம் இருக்கு, தினம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. அவ படுக்கிற பழைய போர்வையைத் துவைக்காதீங்க, அதையே கொண்டு போங்க.

ஆக, ரெண்டு மாசம் தினமும் சாயங்காலம் நானும் பூந்தியும் வேளச்சேரி பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கம் போய் நின்னோம். முதல் நாள் அரை கிலோமீட்டர் தள்ளி. ரயில் சத்தம் வர்றப்பல்லாம் ஒரு துண்டு வேகவெச்ச கோழி. வாரா வாரம் கொஞ்சம் கிட்ட. ஆறாவது வாரம் ரயில் சத்தம் கேட்டா அவ என் பாக்கெட்டைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. வேடிக்கை பாத்த டீக்கடைக்காரர், "ரயிலு வந்தா கோழி வரும்னு நெனைக்குது சார்"னு ஒரே வரியில விளக்கிட்டார். பாவ்லோவ் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

தங்குற இடம் தேடுறதுக்கு தங்கமணிதான். 'பெட் ஃப்ரெண்ட்லி'ன்னு போட்டிருக்கிறதுக்கு எத்தனை அர்த்தம் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சது. ஒருத்தர், "நாய் வரலாம் மேடம், ரூமுக்குள்ள மட்டும் வரக் கூடாது." இன்னொருத்தர், "சின்ன நாய்தானே? வெள்ளையா, புசுபுசுன்னு?" நாட்டு நாய்னதும் குரலே மாறிடுச்சு. மூணாவது ஆள் நாய்க்கு ஒரு ராத்திரிக்கு 1500 ரூபாய் தனின்னார், அந்தக் காசுக்கு என்ன தருவீங்கன்னு கேட்டா பதில் இல்ல. கடைசியில ஒரு வயசான தம்பதி நடத்துற ஹோம்ஸ்டே. அந்தம்மா கேட்ட கேள்விங்கதான் பிடிச்சுது. "பூனையைத் துரத்துவாளா? ராத்திரி குலைப்பாளா? காட்டெருமையைப் பாத்திருக்காளா?"

காட்டெருமையா?!

அதுக்குப் பின்னாடி வரேன்.

பயண நாள். ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல வண்டி. சார்ட் அப்போ நாலு மணி நேரத்துக்கு முன்னாடிதான் வரும் (2025 ஜூலையில அதை எட்டு மணி நேரம் ஆக்கினாங்க, அதுக்கப்புறம் போறவங்க குடுத்து வெச்சவங்க). பார்சல் ஆபீசுக்கோ மூணு மணி நேரம் முன்னாடி போயிடணும். அதனால சார்ட் வர்றதுக்கு முன்னாடியே மூட்டை முடிச்சு, நாய், அத்தை சகிதம் எழும்பூர்ல இருந்தோம். ஒரே கேபின் கிடைக்கலைன்னா, அவங்க மூணு பேரும் ரயில்ல போறது, நான் முதுகு வலியோட பூந்தியைக் கார்ல கூட்டிட்டு வர்றதுன்னு ஏற்பாடு. பொண்ணு அதுக்கு ஒத்துக்கவே இல்ல. "எல்லாரும் போறோம், இல்ல யாரும் போகலை"ன்னுட்டா. போனையே தேச்சுக்கிட்டு நின்னா. அஞ்சு நாற்பது... அஞ்சு ஐம்பது...

"அப்பா! நாலும் 'சி'!"

அத்தை என்னமோ தெரியலை, சட்டுனு கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. கேட்டதுக்கு தூசின்னாங்க.

பார்சல் ஆபீஸ்ல முந்தின நாள் வாங்கின உடல்நலச் சான்றிதழைக் காட்டணும். ஃபர்ஸ்ட் ஏசியில கூட வர்ற நாய்க்கு அது என்ன எடை இருந்தாலும் 60 கிலோ லக்கேஜ் கணக்குலதான் கட்டணம். பூந்திக்கு ஒரு ரசீது. பொண்ணு அதை இன்னும் பர்ஸ்ல வெச்சிருக்கா. நாலரை மணிக்கே சாப்பாடு குடுத்து முடிச்சாச்சு, அப்புறம் தண்ணி மட்டும். ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு வெளியில ரெண்டு தடவை நடத்திக் கூட்டிட்டு வந்தோம். இது பெரிய விஷயங்க. எட்டு மணி நேரம் தாங்கும், ஆனா நாம ஒத்துழைக்கணும். நடுராத்திரி திருச்சி பிளாட்பாரத்துல இறக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அஞ்சு நிமிஷ நிறுத்தம், பிளாட்பாரம் அங்க இருக்கிற நாய்ங்களோடது.

வண்டி கிளம்பினதும் நடுங்கத்தான் நடுங்கினா. கோழியும் எடுபடலை. தாம்பரம் தாண்டி எதிர்ல ஒரு வண்டி தடதடன்னு போனப்போ என் மடியில இருந்து குதிச்சு, நேரா அத்தையோட பெர்த்துக்கு அடியில நுழைஞ்சுட்டா. வீட்டுல கட்டிலுக்கு அடியில போற மாதிரி. எல்லை தாண்டிப் போயாச்சு. நாங்க மூணு பேரும் மூச்சு விடலை. அத்தை கீழே குனிஞ்சு பாத்தாங்க. காலைத் தூக்கி மேல வெச்சுக்குவாங்கன்னு நினைச்சேன். வைக்கலை. விளக்கை அணைச்சதுக்கப்புறம், "இதோட மூச்சுக்காத்து கால்ல படுது"ன்னு ஒரு தடவை. "குளுகுளு பொட்டியில இது ஒண்ணுதான் சூடா இருக்கு"ன்னு இன்னொரு தடவை. விழுப்புரம் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் குறட்டை.

மதுரையில ரெண்டு நாள். நானும் தங்கமணியும் மீனாட்சியம்மனை முறை வெச்சுத்தான் பாத்தோம், பழக்கதோஷம் :-) ஏப்ரல் மதுரை வெயிலைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சுத்தான் சூட்டை இறக்கணும். அதனால கொடைக்கானலுக்கு விடிய அஞ்சு மணிக்கே வண்டி. "ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறோம், நாய் காருக்குள்ள இருக்கட்டும்"ங்கற பேச்சே கிடையாது. 2005-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. நிறுத்தி வெச்ச காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறுதாம், அதுல முக்கால்வாசிக்கு மேல முதல் அரை மணியிலயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லையாம். வழியில ரெண்டு பேர் காபி, ஒருத்தர் காவல்.

டாக்சிக்காரத் தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி, சீட்டுக்கு மேல எங்க போர்வை, வண்டி கழுவ 500 ரூபாய்னு பேசியாச்சு. 2024 மே 7-ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தாச்சுல்ல, ஹைகோர்ட் உத்தரவு. 2025 ஏப்ரல்ல இருந்து அந்த சீசனுக்கு எண்ணிக்கையும் வெச்சாங்க, கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. பாஸ் வண்டி நம்பருக்குத்தான். கடைசி நேரத்துல டிரைவர் நாயைப் பாத்துட்டு மாட்டேன்னா, வேற வண்டிக்கு வேற பாஸ் தேடணும். அதான் முன்கூட்டியே பேச்சு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறப்போ ரெண்டு தடவை எச்சில் ஊத்தினா, நிறுத்தி நடக்க விட்டோம், வாந்தி எடுக்கலை. வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட மட்டும் இறங்கலை. குரங்குக் கூட்டம். நாயும் குரங்கும் பாத்துக்கிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

கொடைக்கானல்ல நாங்க 'பாத்த' இடம் ரொம்பக் கம்மி. வனத்துறை இடங்கள் எதுக்கும் போகலை. இது எனக்கு உறுத்தலான விஷயம், அதனால சொல்றேன். காட்டுக்குள்ள நாயைக் கூட்டிட்டுப் போறது சட்டத்துக்காக மட்டும் தப்பில்ல. 2018-ல கிர் காட்டுல சில வாரத்துக்குள்ள இருபதுக்கும் மேல சிங்கம் செத்துச்சு, பலதுக்கும் காரணம் டிஸ்டெம்பர்ங்கற வைரஸ். நாய்ங்ககிட்ட சர்வசாதாரணமா இருக்கிற அதே வைரஸ். அதோட சிறுத்தைக்கு நாய்னா விருந்து. "எங்க நாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது"ன்னு கயிறு இல்லாம சோலைக்காட்டு ஓரத்துல ஓட விட்டு வீடியோ எடுக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது.

இப்போ காட்டெருமை. கொடைக்கானல்ல அதுங்க ஊருக்குள்ளயே வரும். ரெண்டாவது ராத்திரி எட்டரை மணிக்கு பூந்தியை ஒண்ணுக்கு விடக் கூட்டிட்டுப் போனேன், கூட பொண்ணும் வந்தா. கேட்டுக்கு வெளியில தெருவிளக்கு, லேசான பனி. வளைவுல என்னமோ லாரி நிக்குதுன்னு நினைச்சேன். லாரி தலையைத் திருப்பிச்சு. முழு வளர்ந்த கிடா ஒரு டன் வரைக்கும் இருக்கும்னு படிச்சிருக்கேன். இருபதடியில அது நிக்கிறப்போ டன் கணக்கெல்லாம் ஞாபகம் வரலை, காலு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருந்தது ஞாபகம் இருக்கு.

ஹோம்ஸ்டே அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாங்க. "அது பாட்டுக்குப் போகும் சார். நாய் குலைச்சாத்தான் கோவம் வரும். கோவம் வந்தா நாயை விட்டுடும், கயிறு புடிச்சிருக்கிற ஆளைத்தான் முட்டும்." கையில நாலடிக் கயிறு. பொண்ணு என் சட்டையைப் பிடிச்சா. நான் பூந்தியோட கழுத்துப் பட்டையைப் பிடிச்சேன். போஸ்ட்மேனைப் பாத்தா தெருவையே கூட்டுற நாய் இது...

குலைக்கலை. என் பாதத்து மேல உக்காந்துட்டா. முழு 18 கிலோவும். நடுக்கம் செருப்பு வழியா எனக்கு ஏறுது. பொண்ணு மெல்லக் குனிஞ்சு அவ காதைப் பொத்தினா, மழை பெய்யறப்போ வீட்டுல பண்ற மாதிரியே. அப்படியே மூணு பேரும் பின்னாடியே நகர்ந்து நகர்ந்து கேட்டுக்குள்ள வந்துட்டோம். அது வேலி ஓரத்துப் புல்லைத் தின்னுட்டு, எங்களைத் திரும்பிக் கூடப் பாக்காம இறக்கத்துல போயிடுச்சு.

மறுநாள் காலையில ஹோம்ஸ்டே வாசல்ல அந்தம்மாவே போட்டோ எடுத்துக் குடுத்தாங்க. பொண்ணு, தங்கமணி, நான், பூந்தி. பூந்தி மட்டும் கேமராவைப் பாக்கலை, வளைவைப் பாத்துக்கிட்டிருக்கா.

திரும்பி வர்றப்போ மச்சினன் கார் எடுத்துட்டு வந்து சென்னை வரைக்கும் கொண்டு வந்து விட்டான். ராத்திரிப் பயணம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்கி நடக்க விட்டோம். நெடுஞ்சாலை மோட்டல்ங்கள்ல நிறுத்தாதீங்க, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு நாய் டூட்டியில இருக்கும். டோல்கேட் தாண்டி வெளிச்சமான, ஆளில்லாத இடமாப் பாத்து நிறுத்துங்க. வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் தடவிப் பாத்து ஒரே ஒரு உண்ணி எடுத்தோம். மாத்திரை வேலை செஞ்சிருக்கு, செத்துப் போயிருந்தது.

எல்லா நாயையும் இப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு நான் சொல்ல வரலை. போர்டிங்ல சந்தோஷமா விளையாடுற நாய் இருந்தா தாராளமா விட்டுட்டுப் போங்க, அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பொண்ணு ஜூன்ல ஹாஸ்டல் போயிட்டா. அத்தை போன்ல முதல்ல பேத்தியை விசாரிப்பாங்க, அப்புறம் "அந்தக் கழுதை சாப்புடுதா?"ம்பாங்க. அடுத்த தடவை மதுரைக்குப் போறப்போ எங்களுக்கு ரெண்டு டிக்கெட் போதும். ஆனா அதுக்கு கூபே கிடைக்கணும், கேபினை விட அது கம்மியாத்தான் இருக்கும். மனு எழுதி வெச்சாச்சு, தேதி மட்டும் போடணும்.